எண்ணெய் தொடாதவருக்கும் கொழுப்பு ஏறுவது ஏன்?

"பலகாரம், வடை, பஜ்ஜி எதையும் தொடுவதில்லை. பிறகு ஏன் ட்ரைகிளிசரைடு கூடியிருக்கிறது?" ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துப் பலரும் கேட்கும் கேள்வி இது. கொழுப்பு எண்ணெயிலிருந்து மட்டும் வருவதில்லை. சோறு, இட்லி, சர்க்கரை ஆகியவற்றிலிருந்தும் நம் உடல் அதைத் தயாரிக்கும்.

உண்ட கொழுப்பு செல்லும் வழி

உணவில் உள்ள கொழுப்பில் பெரும்பகுதி ட்ரைகிளிசரைடுதான். ஒரு கிளிசராலுடன் மூன்று கொழுப்பு அமிலங்கள் சேர்ந்த பொருள் அது. சிறுகுடலில் பித்தநீர் அதை நுண்ணிய துளிகளாக்க, கணையத்தின் லைப்பேஸ் நொதி உடைக்கிறது. குடல் செல்கள் அதை மீண்டும் கொழுப்பாக இணைத்து, நிணநீர்க் குழாய்கள் வழியே ரத்தத்துக்கு அனுப்புகின்றன.

கல்லீரல் செய்யும் கொழுப்பு

மாவுச்சத்து குளுக்கோஸாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. உடனடித் தேவைக்குப் போக மிஞ்சுவது கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜனாகச் சேர்கிறது. ஆனால் கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராம்தான் கொள்ளும். அதற்கு மேலும் மாவும் இனிப்பும் வந்துகொண்டே இருந்தால், கல்லீரல் மிச்சத்தைக் கொழுப்பு அமிலமாக மாற்றி, ட்ரைகிளிசரைடாகக் கட்டி ரத்தத்தில் விடுகிறது. சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ். அதைப் பெரும்பாலும் கல்லீரலே கையாள்வதால், இனிப்பு பானங்கள் இந்த வேலையை இன்னும் விரைவாக்குகின்றன.

சேமிப்பும் இன்சுலினும்

சாப்பிட்டதும் சுரக்கும் இன்சுலின், கொழுப்புச் செல்களில் சேமிப்பைக் கூட்டி, கரைப்பை நிறுத்துகிறது. இது குறையல்ல, இயற்கையின் ஏற்பாடு. ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி தரும். கொழுப்போ 9 கலோரி தரும். குறைந்த எடையில் நிறைய ஆற்றலை வைத்துக்கொள்ளக் கொழுப்பே ஏற்றது. ஆனால் காலை காபியில் தொடங்கி இரவு வரை எதையாவது கொறித்தபடி இருந்தால், சேமிப்பே அதிகம் நடக்கும். கரையப் போதிய நேரம் கிடைக்காது.

கரைவது எப்படி?

உணவு இடைவெளியில் இன்சுலின் தணிந்ததும் சேமித்த கொழுப்பு பிரிந்து ரத்தத்துக்கு வருகிறது. உடற்பயிற்சியின்போது சுரக்கும் அட்ரினலினும் இதைத் தூண்டும். தசைச் செல்களின் மைட்டோகாண்ட்ரியாவில் கொழுப்பு அமிலம் இரண்டு இரண்டு கார்பன்களாக வெட்டப்பட்டு எரிகிறது. நீண்ட பட்டினியில் கல்லீரல் இதிலிருந்து கீட்டோன்களைச் செய்து மூளைக்கும் கொடுக்கிறது.

எரிந்த கொழுப்பு கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறுகிறது. அதன் பெரும்பங்கு மூச்சின் வழியே வெளியேறுகிறது. வியர்வை கொட்டியதால் கொழுப்பு கரைந்ததாகாது. வயிற்றுப் பயிற்சியால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் கரையும் என்பதும் சரியல்ல.

இடம் மாறினால் ஆபத்து

தோலுக்கடியில் உள்ள கொழுப்பைவிட, வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேர்வதும் கல்லீரலில் படிவதும் கெடுதலானவை. அப்போது இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகிறது. நீரிழிவும் இதய நோயும் நெருங்குகின்றன. ஒல்லியான உடலிலும் இது நேரலாம். அதனால் எடையோடு இடுப்பளவையும் பாருங்கள்: இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. வெறும் வயிற்றில் எடுத்த ட்ரைகிளிசரைடு ஒரு டெசிலிட்டருக்கு 150 மி.கி.க்குள் இருப்பது நல்லது. 500ஐத் தாண்டினால் கணைய அழற்சி வரும் வாய்ப்பு கூடும். தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

• தட்டில் சோற்றின் பங்கைக் குறைத்து, காய், கீரை, பருப்பு, முட்டை அல்லது மீனைக் கூட்டுங்கள்.
• காபி, டீயில் சர்க்கரையைக் குறையுங்கள். குளிர்பானத்தையும் மதுவையும் விடுங்கள்.
• எண்ணெயை முற்றிலும் ஒதுக்க வேண்டாம். சில கொழுப்பு அமிலங்களை உடலால் தயாரிக்க முடியாது. அளவோடு சேருங்கள், ஒருமுறை பொரித்த எண்ணெயைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.
• இரவு உணவை முன்கூட்டியே முடித்து, இடையில் கொறிப்பதைத் தவிருங்கள்.
• தினமும் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். தசைக்கு வேலை தரும் பயிற்சியும் வேண்டும்.

நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி இருக்கக் கூடாது. கல்லீரலில் கொழுப்பு படிந்த பலருக்கு, உடல் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைந்தாலே நல்ல முன்னேற்றம் தெரிகிறது. ஆகவே பயப்பட வேண்டாம். இன்றைய சாப்பாட்டுத் தட்டிலிருந்தே தொடங்கலாம்.