மாலை ஆறு மணித் தாகம்

"உடம்பு வலிக்காகத்தான் சார் குடிக்கிறேன்." கட்டட வேலைக்காரர், மூட்டை தூக்குபவர், பள்ளம் தோண்டுபவர் என யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பதில் இதுதான். சாக்குச் சொல்கிறார்கள் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. பகல் முழுக்க வெயிலில் கலவைச் சட்டி சுமந்தவருக்கு மாலை ஆறு மணிக்கு வலியும் இருக்கிறது, பசியும் தாகமும் இருக்கின்றன. கையில் கூலியும் இருக்கிறது. அந்த நேரத்தில் உடம்பு கேட்பது தண்ணீர், உப்பு, மாவுச்சத்து, புரதம். தெருமுனையில் கிடைப்பதோ குவாட்டர்.

ஒரு குவாட்டர் என்பது 180 மில்லி. அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். எடையில் சுமார் 60 கிராம். கல்லீரலால் மணிக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்க முடியும். ஏழு மணிக்குக் குடித்தவரின் கல்லீரல் பின்னிரவு வரை இந்த ஒரே வேலையில் மாட்டிக்கொள்கிறது. வெறும் வயிற்றோடு படுத்தவருக்கு ரத்தத்தில் சர்க்கரை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டியதும் அதே கல்லீரல்தான். அந்த வேலை தடைபடுகிறது. நடுநிசியில் வியர்த்துக்கொட்டி, நெஞ்சு படபடக்க எழுந்து உட்காருகிறார்களே, அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சிறுநீரகத்தில் தண்ணீரைத் தக்கவைக்கும் ஹார்மோனையும் சாராயம் அடக்கிவிடுகிறது. ஏற்கெனவே வியர்வையில் வற்றிய உடம்பு மேலும் வற்றுகிறது. படுத்ததும் தூக்கம் வந்தாலும் பின்பாதி இரவு துண்டு துண்டாகிப்போகிறது. பகலில் அடிபட்ட தசைகள் தம்மைப் பழுதுபார்த்துக்கொள்வதும் மந்தப்படுகிறது. வலி தணிந்தது என்று தோன்றுவது மூளை மரத்ததால் வந்த நிம்மதி. கலோரி மட்டும் நானூறுக்கு மேல் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு துளியைக்கூடத் தசைக்குள் சர்க்கரையாகச் சேர்த்துவைத்து, மறுநாள் செங்கல் தூக்க எடுத்துக்கொள்ள முடியாது.

மேடவாக்கம் பக்கம் ஒரு கட்டடத்தில் காலையில் பார்த்த காட்சி இது. ஐம்பது வயதிருக்கும் கொத்தனார் ஒருவர் சுவர் மட்டம் பார்க்கத் தூக்குக்குண்டு நூலைப் பிடித்து நின்றார். குண்டு ஆடுவது நிற்கவேயில்லை. சித்தாள் வேலை பார்க்கும் பெண் பேசாமல் வந்து நூலைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். "டீ குடிச்சா சரியாயிடும்ணே" என்றார், அவர் முகத்தைப் பார்க்காமலே. அந்தக் கட்டடத்தின் மேஸ்திரி அப்புறம் என்னிடம் சொன்னார்: "கைசுத்தமான வேலைக்காரர் சார். இப்ப மேல சாரத்துல ஏத்த பயமா இருக்கு."

அந்தப் பயம் நியாயமானது. நாள்தோறும் குடிப்பவர்களின் குடல், பி1 எனப்படும் தயமினைச் சரியாக உறிஞ்சுவதில்லை. உள்ளங்கால் எரிச்சல், பிறகு மரமரப்பு என்று அது வெளிப்படும். மூன்றாவது மாடிச் சாரத்தில் நிற்பவருக்குக் காலடியில் இருப்பது கம்பா வெற்றிடமா என்று பாதம் சொல்ல வேண்டாமா?

அளவாகக் குடித்தால் கெடுதல் இல்லை என்பவர்களும் உண்டு. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என உலக சுகாதார அமைப்பு 2023 ஜனவரியிலேயே தெளிவாக்கிவிட்டது.

இதற்கு மாற்று நம் கண்ணெதிரே தள்ளுவண்டியில் நிற்கிறது. கம்பு மாவை முதல்நாளே கரைத்துப் புளிக்கவைத்து, நொய்யோடு சேர்த்துக் காய்ச்சி, மறுநாள் மோரும் உப்பும் விட்டுக் கையால் கரைத்த கூழ். பெரிய சொம்பு நிறையக் கொடுத்து, தட்டில் சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் மாங்காய்த் துண்டும் வைப்பார்கள். நூறு கிராம் கம்பில் சுமார் 11 கிராம் புரதம் இருக்கிறது. இரும்புச்சத்தும், குடி பறித்துக்கொள்ளும் அதே தயமினும் இருக்கின்றன. கேழ்வரகாக இருந்தால் நூறு கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம். தண்ணீர், உப்பு, மாவு, புரதம் என உடம்பு கேட்ட நான்கும் ஒரே சொம்பில் வந்துவிடுகின்றன. குவாட்டரும் சைடிஷும் வாங்கும் காசுக்கு மூன்று சொம்புக்கு மேல் குடிக்கலாம்.

என்னை உறுத்துவது நேரம்தான். கூழ் வண்டிக்காரம்மா பகல் இரண்டு மணிக்கெல்லாம் பானையைக் கவிழ்த்துவிடுகிறார். மதுக்கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 வரை இருக்கிறது. வேலை முடிந்து கைகால் கழுவி வெளியே வருபவருக்கு, தாகமும் பசியும் உச்சத்தில் இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில், நம் ஊர்கள் பலவற்றில் சத்தான பானம் விற்பவர் யாருமில்லை. பதநீரை எதிர்பார்க்க முடியாது. அது சில மாதங்கள்தான் கிடைக்கும். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கினாலும் வெயில் ஏற ஏறக் கெட்டுவிடும். சர்க்கரை நோயாளிகளுக்கும் ஆகாது. பாட்டில் குளிர்பானங்களில் சர்க்கரையைத் தவிர ஒன்றுமில்லை.

மதுரைக்காரர்கள் இதில் கொடுத்துவைத்தவர்கள். அங்கே சாயங்காலம் பருத்திப்பால் வண்டிகள் வருகின்றன. பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலில் அரிசிமாவும் கருப்பட்டியும் சுக்கும் ஏலக்காயும் சேர்த்து, தேங்காய்ப்பூ தூவிச் சுடச்சுடக் கொடுப்பார்கள். ஒரு டம்ளர் உள்ளே போனால் வயிறு நிறையும், தொண்டையில் சுக்கின் உறைப்பு நிற்கும். வெறும் வயிற்றோடு மதுக்கடைக்குள் நுழைவதும் இதைக் குடித்துவிட்டு நிற்பதும் ஒன்றல்ல. உளுந்தங்கஞ்சிக்கும் இது பொருந்தும்.

பல வருடங்களாகத் தினமும் குடிப்பவர் கூழை நம்பி ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது. உடம்பு நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போனால் மருந்து கொடுத்துப் பக்குவமாக நிறுத்தவைப்பார்கள். நான் கவலைப்படுவது இன்னும் அந்த இடத்துக்குப் போய்ச் சேராத இருபது, இருபத்தைந்து வயதுப் பையன்களைப் பற்றி.

வேலை நடக்கும் இடங்களில் பதினொரு மணிக்கும் நான்கு மணிக்கும் டீ, வடை வாங்கிக் கொடுப்பது வழக்கம். அந்த நான்கு மணிச் செலவோடு கொஞ்சம் சேர்த்து, ஐந்தரைக்குக் கரண்டி கழுவும் நேரத்தில் ஆளுக்கொரு சொம்பு கூழோ கஞ்சியோ வந்துவிடும்படி மேஸ்திரிமார்கள் ஏற்பாடு செய்யலாம். அதைக் குடித்து முடித்த பிறகு கூலியைக் கொடுக்கலாம். கூழ் வண்டிக்காரம்மாவுக்கும் சாயங்கால வியாபாரம் ஒன்று கிடைக்கும்.