கீழே கவுண்டரிலிருந்து பேசுகிறேன்

இரவு இரண்டரை மணிக்கு விடுதி அறையின் தொலைபேசி அடிக்கிறது. "கீழே கவுண்டரிலிருந்து பேசுகிறேன், சார். கம்ப்யூட்டரில் ஒரு கோளாறு, உங்கள் கார்டு விவரம் அழிந்துவிட்டது. நம்பரை மட்டும் ஒருமுறை வாசித்துவிடுங்கள், இறங்கி வரவேண்டாம்." பணிவான குரல். தூக்கத்தைக் கெடுத்ததற்கு மன்னிப்பும் கேட்கிறது. காலைக் கணக்கில் பத்து விழுக்காடு கழித்துத் தருவதாகவும் சொல்கிறது. ஆனால் பேசுகிறவர் கீழே இல்லை. அவர் அந்த ஊரிலோ அந்த நாட்டிலோகூட இல்லாமல் இருக்கலாம்.

விடுதிகளில் தங்குவோர் இந்த நள்ளிரவு அழைப்பைப் பற்றி எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் சொல்லியிருக்கிறது. மலேசியாவுக்கும் இது பொருந்தும். உலு யாம் ஆற்றில் குளிக்க வருவோர், பத்தாங்காலி வழியாக கெந்திங் மலை ஏறுவோர், கோலகுபு பாருவில் ஒரு ராத்திரி தங்கிப் போவோர், கோல சிலாங்கூருக்கு மின்மினி பார்க்கப் போவோர் என்று வட சிலாங்கூரின் சிறு விடுதிகளுக்கும் ஹோம்ஸ்டேகளுக்கும் வார இறுதிக் கூட்டத்துக்குப் பஞ்சமில்லை. தோட்டத்தை விட்டு நகரத்துக்குப் போன பிள்ளைகள் அம்மா அப்பாவை அழைத்துக்கொண்டு வந்து தங்குவதும் இங்கேதான்.

இந்த மோசடிக்கு எந்தப் பூட்டையும் உடைக்க வேண்டியதில்லை. விடுதியின் பொது எண் அதன் பெயர்ப்பலகையிலேயே இருக்கிறது. அந்த எண்ணுக்கு அழைத்து, "207ஆம் அறைக்குக் கொடுங்கள்" என்றால் போதும். வீட்டு ஆள்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து இரவுப் பணியாளர் இணைத்துவிடுவார். விருந்தினரின் பெயர்கூடத் தெரிய வேண்டாம். மூன்று மாடிக் கட்டடத்தின் அறை எண்களைச் சின்னப் பிள்ளையும் ஊகித்துவிடும்.

விடுதிக்குள் இருப்பது ஒரு குட்டித் தொலைபேசி நிலையம். உள்ளிருந்து உள்ளே பேச ஓர் எண், வெளியே பேச முதலில் 9 அல்லது 0 என்று அதற்கென்று தனி விதிகள் உண்டு. வெளியிலிருந்து வரும் அழைப்பு கவுண்டரைத் தாண்டிவிட்டால் போதும், அறையில் அது அடிக்கும் விதத்துக்கும் கவுண்டரே கூப்பிட்டால் அடிக்கும் விதத்துக்கும் பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது. பல அறைத் தொலைபேசிகளுக்குத் திரையே கிடையாது. வாசல் காவலைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட அந்நியனை வீட்டு ஆளாகவே அந்தக் கம்பி நடத்துகிறது.

தானியங்கித் தொலைபேசி பிறந்த கதையே, நடுவில் நின்று இணைப்பவரை நம்பலாமா என்ற சந்தேகத்தில்தான் தொடங்குகிறது. அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர் இறுதிச் சடங்குகளை நடத்திக் கொடுக்கும் தொழில் செய்துவந்தார். தனக்கு வரவேண்டிய அழைப்புகளைத் தொலைபேசி நிலையத்தில் இருந்த பெண் தன் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறார் என்று அவர் சந்தேகப்பட்டதாகச் சொல்வார்கள். நடுவில் ஆள் இல்லாமல் தானாகவே இணைப்புத் தரும் கருவிக்கு 1891 மார்ச் 10 அன்று அவர் காப்புரிமை பெற்றார். 1892இல் இந்தியானா மாநிலத்தின் லா போர்ட் நகரில் அப்படிப்பட்ட முதல் நிலையம் திறக்கப்பட்டது. நடுவில் இருந்த மனிதரின் சூது ஒழிந்தது. ஆனால் "யார் பேசுறீங்க?" என்று கேட்க அந்த இயந்திரத்துக்குத் தெரியாது.

கைத்தொலைபேசித் திரையில் எண் தெரிகிறதே என்று கேட்கலாம். அழைப்பை அனுப்பும் அமைப்பு எந்த எண்ணைச் சொல்கிறதோ, அதையேதான் பெரும்பாலும் திரை காட்டுகிறது. இணையவழி அழைப்புகள் வந்த பிறகு, வேறொருவர் எண்ணைச் சொல்லி அழைப்பது மிக எளிதாகிவிட்டது. ஒவ்வொரு அழைப்புக்கும் எண்முறைக் கையொப்பம் இட்டு அனுப்ப வேண்டும் என்று அமெரிக்கா தன் பெரிய தொலைபேசி நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியது 2021 ஜூன் 30 முதல்தான்.

சரி, குரலாவது காட்டிக் கொடுக்காதா? மரபான தொலைபேசிக் கம்பி ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை மட்டுமே கடத்தும். ஆண் குரலின் அடிப்படை அதிர்வு பொதுவாக 85க்கும் 180க்கும் இடையில் இருப்பதால், அது அந்தக் கம்பி வழியே வருவதே இல்லை. இருந்தும் அப்பாவின் கனத்த குரல் நமக்குக் கனமாகவே கேட்கிறது. வந்து சேரும் மேல் அதிர்வுகளின் இடைவெளியைக் கணக்கிட்டு, இல்லாத அடிச்சுரத்தை மூளையே உண்டாக்கிக் கொள்கிறது. மேல் எல்லைக்கு அப்பால் இருப்பதும் வெட்டுப்படுவதால்தான் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லும்போது 'எஸ்'ஸும் 'எஃப்'பும் குழம்புகின்றன. தொலைபேசி அரைகுறையாகத் தருகிறது, மீதியை நாம் நிரப்புகிறோம். "கீழேயிருந்து" என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் கவுண்டரையும் சீருடையையும் நம் மனமே வரைந்துவிடுவதும் இந்தப் பழக்கத்தின் நீட்சிதான்.

நள்ளிரவைத் தேர்ந்தெடுப்பதும் காரணத்தோடுதான். புது இடத்தில் முதல் இரவு தூக்கம் சரியாக வராது என்பதை எல்லாரும் அனுபவித்திருப்போம். பிரவுன் பல்கலைக்கழகத்தின் மசாகோ தமாக்கி, யூகா சசாக்கி குழுவினர் 2016இல் அதன் காரணத்தை வெளியிட்டார்கள். முதல் இரவின் ஆழ்ந்த தூக்கத்தில் மூளையின் வலப்பக்கம் அளவுக்கு இடப்பக்கம் ஆழ்ந்து போவதில்லை. இடப்பக்க மூளையோடு அதிகம் தொடர்புள்ள வலது காதில் ஓர் ஒலி எழுப்பினால், ஆள் சீக்கிரம் விழித்துவிடுகிறார். அடுத்த முறை அதே இடத்தில் தூங்கும்போது இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. விடுதி அறையில் பாதி மூளை காவல் நிற்கிறது என்றே சொல்லலாம். ஆனால் அந்தக் காவல் நம்மை எழுப்பிவிடும், அவ்வளவுதான். எழுந்தவுடன் தெளிவாக யோசிக்க அதனால் உதவ முடியாது. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து திடீரென விழித்தவருக்குத் தீர்மானிக்கும் திறன் முழுதாகத் திரும்பப் பதினைந்து நிமிடம், அரை மணி நேரம்கூட ஆகலாம். மோசடிக்காரர் கேட்பது இரண்டே நிமிடம்.

"நானாக இருந்தால் ஏமாந்திருக்க மாட்டேன்" என்பவர்களுக்கு ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. 1966இல் சார்ல்ஸ் ஹாஃப்லிங் என்ற மனநல மருத்துவர், இரவுப் பணியில் இருந்த 22 தாதியரை முன்பின் தெரியாத ஒரு 'டாக்டர்' தொலைபேசியில் அழைக்க ஏற்பாடு செய்தார். ஒரு நோயாளிக்கு 20 மில்லிகிராம் மருந்து கொடுக்கும்படி அந்தக் குரல் சொன்னது. உச்ச அளவு 10 மில்லிகிராம் என்று மருந்துப் புட்டியிலேயே எழுதியிருந்தது. தொலைபேசி உத்தரவை ஏற்று மருந்து கொடுக்கக்கூடாது என்ற விதியும் அங்கே இருந்தது. இருந்தும் 21 பேர் மருந்தோடு கிளம்பிவிட்டார்கள், ஆய்வாளர்கள் குறுக்கிட்டு நிறுத்தினார்கள். புட்டியில் இருந்தது தீங்கற்ற சர்க்கரை. இதே நிலைமையை வெறும் கேள்வியாக வேறு 12 தாதியரிடம் கேட்டபோது, 10 பேர் கொடுக்க மாட்டோம் என்றார்கள். படித்தவர், பயிற்சி பெற்றவர் என்ற வேறுபாடு இல்லாமல் அதிகாரமுள்ள குரலுக்கு முன்னால் கால் நகர்ந்துவிடுகிறது. அதனால் ஏமாந்தவரை முட்டாள் என்று பேசுவது நியாயமில்லை. அப்படிப் பேசினால் அவர் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வார், அது மோசடிக்காரருக்குத்தான் லாபம்.

அடையாளக் குறியைக் களவாடும் இந்த வித்தையை மனிதன் கண்டுபிடிக்கவில்லை. கோல சிலாங்கூரின் கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் ஒரே தாளத்தில் மின்னும் பூச்சிகள், இருட்டில் ஒளியாலேயே இணையைத் தேடுகின்றன. அமெரிக்கக் கண்டத்து மின்மினிகளிடம் இந்த உரையாடல் இன்னும் நுட்பமானது. ஆண் பறந்துகொண்டே மின்னும், புல்லில் இருக்கும் பெண் தன் இனத்துக்கே உரிய இடைவெளி விட்டுப் பதில் மின்னும். அந்த இடைவெளிதான் அவளுடைய அடையாள அட்டை. ஃபோட்டூரிஸ் என்ற வேறொரு பேரினத்தின் பெண் அந்த இடைவெளியை அப்படியே போலி செய்து, நம்பி இறங்கி வரும் ஆணைப் பிடித்துத் தின்றுவிடும். ஜேம்ஸ் லாய்ட் என்ற பூச்சியியலாளர் 1965இல் இதை விவரித்தார். சில பெண்கள் பல இனங்களின் பதில்களையும் மாற்றி மாற்றிக் கொடுக்கும் என்பதை 1975இல் காட்டினார். பத்து ஆண்களுக்கு மேல் பதில் கொடுத்தும் ஒன்றும் சிக்காமல் போவது அரிது என்பதும் அவர் கண்டது. அறைக்கு அறை அழைக்கும் மோசடிக்காரரின் கணக்கும் இதுதான். ஒன்பது பேர் போனை வைத்துவிடட்டும், பத்தாமவர் போதும்.

ஆனால் மனிதப் போலிக்குக் கூடுதல் வசதி ஒன்று உண்டு. நம்மைப் பற்றித் தெரிந்ததுபோல் பேச அவருக்குக் கொஞ்சம் எண்கணிதமே போதும். வங்கி அட்டையின் முதல் ஆறு அல்லது எட்டு இலக்கங்கள் வங்கியைக் குறிப்பவை. அதே வங்கியின் அதே வகை அட்டை வைத்திருக்கும் ஆயிரக்கணக்கானோருக்கு அவை ஒன்றாகவே இருக்கும். அவற்றைச் சொல்லிவிட்டு "மீதியை நீங்களே சரிபாருங்கள்" என்றால், நம் அட்டை அவர் கையில் இருப்பதுபோலத் தோன்றும். மைகார்டின் 12 இலக்கங்களும் இப்படித்தான். முதல் ஆறு பிறந்த நாள். அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், சிலாங்கூர் என்றால் 10. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். பிறந்தநாள் வாழ்த்தை முகநூலில் பார்த்தவருக்குப் பாதி எண் கிடைத்துவிட்டது.

அறையில் தொலைபேசியே இல்லாத ஹோம்ஸ்டேகளில் இதே நாடகம் வாட்ஸ்அப்பில் நடக்கிறது. வேறொருவர் வீட்டின் படங்களைப் போட்டு முன்பணம் கேட்பார்கள். 'பாக்கி சுற்றுலா வரி' என்று இணைப்பு அனுப்பவும் செய்யலாம். 2017 செப்டம்பரில் வந்த அந்தக் கூட்டரசு வரி, ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட், வெளிநாட்டவருக்கு மட்டுமே. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அது கிடையாது. குறுஞ்செய்தியில் வரும் டேக் எண்ணைக் கைவிட்டு வங்கிச் செயலியிலேயே ஒப்புதல் தரும் முறைக்கு மாறும்படி பேங்க் நெகாரா 2022இல் வங்கிகளுக்குச் சொன்னது. அதற்கேற்ப மோசடிக்காரரும் மாறிக்கொண்டார். "போனில் ஒரு கேள்வி வரும், ஆமாம் என்று அழுத்துங்கள்" என்கிறார். அந்த 'ஆமாம்'தான் பணத்தை அனுப்புகிறது.

குரலை அலசி உண்மையைக் கண்டுபிடிக்க முயல்வதில் பயனில்லை. அழைப்பு வந்த வழியை விட்டு வேறு வழியில் போய்க் கேட்பதுதான் பாதுகாப்பு. எண் சொல்லச் சொன்னால், "நானே கீழே வருகிறேன்" என்று போனை வைத்துவிட்டு இறங்கிப் போகலாம். நடக்க முடியாதவர், சற்றுப் பொறுத்து, அறையில் ஒட்டியிருக்கும் கவுண்டர் எண்ணைத் தானே அழுத்தலாம். பொறுப்பதற்கும் காரணம் உண்டு. பிரிட்டனில் பழைய தரைவழித் தொலைபேசியில், அழைத்தவர் வைக்காதவரை இணைப்பு சிறிது நேரம் அறுபடாமல் இருந்தது. மோசடிக்காரர்கள் போலி டயல் ஒலியைக் கேட்கவிட்டு, வங்கியை அழைப்பதாக நினைத்தவரிடம் தாங்களே மறுபடி பேசினார்கள்.

பணம் போய்விட்டால் வெட்கப்படாமல் உடனே 997ஐ அழைக்க வேண்டும். காவல்துறை, பேங்க் நெகாரா, மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் முதலியவை சேர்ந்து 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண் அது. பணம் ஒரு 'கழுதைக் கணக்கிலிருந்து', அதாவது மோசடிக்காரர் பயன்படுத்தும் பிறர் கணக்கிலிருந்து, இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும் என்பதால், முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் அதை முடக்க வாய்ப்பு அதிகம். முன்பணம் அனுப்புவதற்கு முன்பே அந்தக் கணக்கு எண்ணைக் காவல்துறையின் 'செமாக் மூலே' தளத்தில் போட்டுப் பார்க்கலாம்.

போலீஸ், வருமான வரி வாரியம், நீதிமன்றம் என்று மிரட்டும் மக்காவ் மோசடியில், பேசுகிறவர் ஏதோ ஒரு தூரத்து அலுவலகத்தின் பெயரைச் சொல்வார், நம்மால் உடனே போய்ப் பார்க்க முடியாது. விடுதி மோசடியில் அவர் இருப்பதாகச் சொல்லும் இடம் நம் கூரைக்குக் கீழேயே, ஒரு மாடிப்படி தூரத்தில் இருக்கிறது. அம்மா அப்பாவுக்கு இந்தப் பழக்கத்தைச் சொல்லித்தர இதைவிட எளிதான இடம் கிடைக்காது. அறைக்குள் நுழைந்ததும் கவுண்டர் எண் எங்கே ஒட்டியிருக்கிறது என்று காட்டிவிட்டு, "போனில் யார் கார்டு நம்பர் கேட்டாலும் என்னை எழுப்புங்கள், ரெண்டு பேரும் இறங்கிப் போய்க் கேட்போம்" என்று சொல்லி வைத்தால் போதும். விடுதிக்கு நிஜமாகவே பாக்கி இருந்தால், அது விடியும்வரை காத்திருக்கும்.