பகுதி முழங்கால் மூட்டு மாற்று: நோயாளிகளைத் தேர்ந்தெடுத்தல்

பகுதி முழங்கால் மூட்டு மாற்று என்பது, முழங்காலில் தேய்ந்துபோன ஒரு பகுதியை மட்டும் நீக்கி, அவ்விடத்தில் உலோகமும் பாலிஎத்திலீனும் கொண்ட செயற்கை மூட்டைப் பொருத்தும் அறுவை சிகிச்சை ஆகும். முழங்கால் மூட்டு உட்பகுதி, வெளிப்பகுதி, சில்லுப்பகுதி என மூன்று அறைகளாகப் பிரிக்கப்படுகிறது. மூட்டுத்தேய்வு பெரும்பாலும் உட்பகுதியிலேயே தொடங்குகிறது.

பொருத்தமானவர்கள்

உட்பகுதியில் குருத்தெலும்பு முற்றிலும் தேய்ந்து எலும்போடு எலும்பு உரசும் நிலையில் உள்ளவர்களுக்கு இச்சிகிச்சை நல்ல பலன் தருகிறது. வெளிப்பகுதிக் குருத்தெலும்பு முழுத் தடிமனுடன் இருக்க வேண்டும். முன்புறக் குறுக்குத் தசைநாரும் (ஏ.சி.எல்.) உட்பக்கத் தசைநாரும் செயல்பட வேண்டும். வளைந்த காலை அழுத்தி நேராக்க முடிய வேண்டும். நின்ற நிலையிலும், காலைப் பக்கவாட்டில் அழுத்திய நிலையிலும் எடுக்கப்படும் எக்ஸ்-ரே படங்கள் இவற்றை அறிய உதவுகின்றன.

பொருந்தாதவர்கள்

முடக்குவாதம் போன்ற அழற்சி நோய்கள் மூட்டு முழுவதையும் தாக்குவதால், அந்நோயாளிகளுக்கு இது ஏற்றதன்று. மூட்டில் நோய்த்தொற்று இருந்தாலும் செய்யக்கூடாது. வலி கடுமையாக இருந்தும் தேய்வு தொடக்க நிலையில் மட்டுமே உள்ளவர்களுக்கு, அறுவைக்குப் பின்னும் வலி நீடிக்க வாய்ப்பு அதிகம்.

மாறிவந்த விதிகள்

1989-இல் கோசின், ஸ்காட் ஆகியோர் 60 வயதைக் கடந்த, 82 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள, கடின உடலுழைப்பு இல்லாதவர்களையே பரிந்துரைத்தனர். பின்னர் ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர்கள், வயதோ எடையோ மட்டும் தடையாகாது என்றும், தேய்வின் அமைப்பே முதன்மையானது என்றும் காட்டினர். இதனால் தகுதியுடையோர் எண்ணிக்கை கூடியது.

சரியான தேர்வின் முக்கியத்துவம்

பகுதி மாற்றில் காயம் சிறியது, தசைநார்கள் காக்கப்படுகின்றன, நோயாளி விரைவில் நடமாடலாம். ஆனால் முழு மூட்டு மாற்றைவிட இதில் மறு அறுவை தேவைப்படும் விகிதம் அதிகம் எனப் பல நாடுகளின் மூட்டுப் பதிவேடுகள் காட்டுகின்றன. எஞ்சிய பகுதிகளுக்குத் தேய்வு பரவுவதும், செயற்கை மூட்டு தளர்வதும் இதற்கு முக்கியக் காரணங்கள்.

பிரிட்டனில் 528 நோயாளிகளிடம் நடந்த 'டாப்கேட்' ஆய்வின் ஐந்தாண்டு முடிவுகள் 2019-இல் வெளியாயின. இரு முறைகளிலும் வலி நிவாரணமும் செயல்பாடும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. பகுதி மாற்றுக்குச் செலவு குறைவாக இருந்தது. இரண்டு சிகிச்சைக்கும் தகுதி உடையவர்களே அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டனர். எனவே அதன் முடிவு முழங்கால் வலி உள்ள எல்லோருக்கும் பொருந்தாது.