மாத்திரையில் மருந்து போக மீதி என்ன?

"அதே மருந்துதான் சார், கம்பெனி மட்டும் வேற." ஆழ்வார்பேட்டை டி.டி.கே. சாலை மருந்துக் கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. மருந்தைப் பொறுத்தவரை சரிதான். ஆனால் மாத்திரை முழுக்க மருந்து இல்லையே! அமெரிக்காவில் 42,052 மருந்துகளின் கலவையை ஆராய்ந்து 2019-இல் ஒரு கட்டுரை வெளியானது. சராசரியாக மாத்திரை எடையில் முக்கால் பங்கு துணைப்பொருள்கள்தான். சுமார் 45 சதவீத மருந்துகளில் பால் சர்க்கரையான லாக்டோஸ் இருந்தது. கம்பெனி மாறும்போது மாறக்கூடியது இந்த முக்கால் பங்கு.

நம் ஊர் அட்டையைத் திருப்பினால் பெரும்பாலும் 'எக்சிபியண்ட்ஸ் க்யூ.எஸ்.' என்று ஒரே வரி. துணைப்பொருள் தேவையான அளவு என்று அர்த்தம். எந்தப் பொருள் என்று இருக்காது. டார்ட்ரசின் போன்ற நிறமிகளின் பெயர் மட்டும் இருக்கும். நான்கு மாத்திரை வெட்டி வாங்கினால் அதுவும் கடைக்காரரின் மீதி அட்டையோடு போய்விடும். கோதுமை, பால் சேர்ந்திருந்தால் பிஸ்கட் பாக்கெட்டில் சொல்லியே ஆக வேண்டும் என்கின்றன 2020-ஆம் ஆண்டு உணவு லேபிள் விதிகள். நோயாளி விழுங்குவதற்கு அந்த அக்கறை இல்லாதது அநியாயம்.

பால் குடித்தால் வயிறு உப்புபவர்கள் பொதுவாகப் பயப்பட வேண்டாம். ஒரு டம்ளர் பாலில் சுமார் 10 கிராம் லாக்டோஸ்; மாத்திரையில் இருப்பது மில்லிகிராம் கணக்கு. தினமும் கைநிறைய மாத்திரை போடுபவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம்.

பால் அலர்ஜி வேறு விஷயம். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் பவுடர் மருந்துகள் பலவற்றில் லாக்டோஸ் கலந்திருக்கும். அதில் பால் புரதம் துளியளவு ஒட்டியிருக்கலாம். கடுமையான அலர்ஜி உள்ளவருக்கு அதுவே மூச்சுத்திணறலைக் கொண்டுவரும், நோய்தான் முற்றிவிட்டது என்று வீட்டில் நினைப்பார்கள்.

கோதுமை ஒவ்வாத சீலியாக் நோயாளிகளுக்கு ஆறுதலான செய்தி: மாத்திரைகளில் சேர்வது பெரும்பாலும் சோள மாவு அல்லது உருளைக்கிழங்கு மாவு. கோதுமை மாவு அபூர்வம், இருந்தாலும் கேட்டுவிடுங்கள். சர்க்கரை இல்லாத சிரப்புகளில் சேரும் சார்பிடால் சிலருக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். பிறவியிலேயே ஃப்ரக்டோஸ் ஒவ்வாத குழந்தைகளுக்கு அது ஆபத்தே.

ஒவ்வாமை இருந்தால் மருந்துச் சீட்டின் தலைப்பிலேயே எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். முழு அட்டையாக வாங்குங்கள், முடியாவிட்டால் அதன் பின்புறத்தை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி மாறினால் மறுபடி விசாரியுங்கள். சந்தேகம் வந்தது என்று பிரஷர் மாத்திரையையோ இன்ஹேலரையோ நீங்களாக மட்டும் நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் சொன்னால் மாற்று மருந்து எழுதித் தருவார்.