கிறிஸ்துமஸ் புட்டிங்

கிறிஸ்துமஸ் புட்டிங் என்பது பிரித்தானியாவில் கிறிஸ்துமஸ் விருந்தின் முடிவில் பரிமாறப்படும் இனிப்பு ஆகும். இது பிளம் புட்டிங் எனவும் அழைக்கப்படுகிறது. ஆனால் இதில் பிளம் பழம் இல்லை. முற்கால ஆங்கிலேயர் உலர்திராட்சையையே பிளம் என்றனர்.

உலர்திராட்சை, ரொட்டித்தூள், மாட்டுக் கொழுப்பு, முட்டை, சர்க்கரை, இலவங்கப்பட்டை, சாதிக்காய், பிராந்தி முதலியவற்றைக் கலந்து பல மணி நேரம் ஆவியில் வேகவைப்பர். வெந்தபின் சில வாரங்கள் வைத்திருந்தால் சுவை கூடும். ஆகவே திருவருகைக் காலத்துக்கு முந்தைய ஞாயிறன்றே கலவையைத் தயாரிப்பது மரபு. வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் மனத்துக்குள் ஒன்றை வேண்டிக்கொண்டு அதைக் கிளறுவர். ஒரு வெள்ளி ஆறு பென்ஸ் நாணயமும் உள்ளே போடப்படும். அது யாருடைய துண்டில் கிடைக்கிறதோ அவருக்கு நற்பேறு என்பது நம்பிக்கை (பல்லுக்கு அத்தனை நல்லதல்ல). விருந்தன்று சூடான பிராந்தியை மேலே ஊற்றிப் பற்றவைத்து, நீலச் சுடருடன் மேசைக்குக் கொண்டுவருவர்.

ஆங்கிலேயரின் அடையாள உணவாகக் கருதப்பட்டாலும், இதன் முக்கியப் பொருட்கள் பல இங்கிலாந்தில் விளைபவை அல்ல. குடியேற்ற நாடுகளின் விளைபொருட்களுக்குச் சந்தை தேட 1926இல் அமைக்கப்பட்ட பேரரசுச் சந்தைப்படுத்தல் வாரியம் இதையே விளம்பரமாக்கியது. மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் அரண்மனைச் சமையலர் தந்த குறிப்பை அது பரப்பியது. ஆஸ்திரேலியத் திராட்சை, ஜமைக்கா ரம், சான்சிபார் கிராம்பு, இலங்கை இலவங்கப்பட்டை ஆகியவை அதில் இடம்பெற்றன.