உங்களுக்குத் தெரியுமா? துளை அடைத்தால் வினையூக்கி ஓயும்!

கோலார் தங்கவயல் சுரங்கங்களில் ஒருகாலத்தில், இடித்த தாதுக்கூழைப் பாதரசம் பூசிய செப்புத் தகடுகள்மீது ஓடவிட்டுத் தங்கத்தைப் பிடித்தார்கள். இம்முறையில் தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்தால் போதும், தங்கம் ஒட்டாமல் நழுவிவிடும்.

நிலக்கரியிலிருந்து எடுக்கும் எண்ணெயைச் சுத்திகரிக்கும் வினையூக்கிக்கும் இதே கதிதான். மிளகு அளவுள்ள அலுமினா உருண்டைகளின் நுண்துளைகளுக்குள் மாலிப்டினம், நிக்கல் சல்பைடுகள் இருக்கும். ஒரு கிராமுக்குள் சுமார் 200 சதுர மீட்டர் உட்பரப்பு. கிட்டத்தட்ட ஒரு கிரவுண்டு மனை! வேலையெல்லாம் நடப்பது அங்கேதான்.

அதை முடக்குபவை மூன்று:

● கரி: கனமான அஸ்பால்ட்டீன் மூலக்கூறுகள் சூட்டில் கருகித் துளைகளில் படியும்.

● நைட்ரஜன்: குயினோலின் போன்ற காரச் சேர்மங்கள் வினை நடக்கும் இடங்களைப் பிடித்துக்கொண்டு, கந்தக நீக்கத்தைத் தடுக்கும்.

● உலோகம்: நிலக்கரியோடு வரும் இரும்பு, டைட்டானியம், கால்சியம் துளைவாயை அடைக்கும்.

கரிப்படிவை அளவான ஆக்சிஜனில் எரித்து நீக்கலாம். உலோகப் படிவு அப்படிப் போகாது. அதனால் சாம்பலையும் உலோகத்தையும் முன்கூட்டியே நீக்குவதே வினையூக்கியின் ஆயுளைக் கூட்டும் வழி.