ஸ்கேலைப் பார்த்துப் படித்த கணினி

ஸ்கேன் படத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டரே புற்றுநோயைச் சொல்லிவிடுகிறதாமே, நம்பலாமா என்று ராசிபுரம் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நம்பலாம். ஆனால் அது எந்தப் படங்களைப் பார்த்துப் படித்தது என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

2017-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 1,29,450 படங்களைக் காட்டி நியூரல் நெட்வொர்க் என்ற கணினி நிரல் ஒன்றைப் பழக்கினார்கள். தோல் புற்றுநோயை அடையாளம் காண்பதில் அது நிபுணர்களுக்கு ஈடாக நின்றது. மறு ஆண்டு அந்தக் குழுவினரே ஒரு குறையை ஒளிக்காமல் எழுதினார்கள்: மச்சத்தின் பக்கத்தில் ஸ்கேல் இருக்கும் படத்தைப் புற்று என்று சொல்லவே அது அதிகம் சாய்ந்ததாம்! சந்தேகப்பட்ட மச்சத்தைத்தானே மருத்துவர் ஸ்கேல் வைத்துப் படமெடுப்பார்?

இதை நினைத்தால் எனக்கு வியப்பு தீருவதில்லை. நாமக்கல் பக்கத்துக் குஞ்சு பொரிப்பகங்களில் முட்டையை விளக்கொளியில் பிடித்து, ரத்த நாளம் ஓடாததைக் கழிப்பார்கள். கழிக்க வேண்டியவற்றில் முன்பே பென்சில் புள்ளி வைத்து ஒரு புதுப் பையனைப் பழக்கினால், அவன் புள்ளியைத்தான் கற்பான். புள்ளி வைத்த முட்டையிலேயே தேர்வும் வைத்தால் நூற்றுக்கு நூறு வாங்குவான்.

மார்பு எக்ஸ்ரேயிலும் இப்படி நடந்திருக்கிறது. டெக்னீஷியன் மூலையில் வைக்கும் உலோக எழுத்து போன்ற தடயங்களிலிருந்தே படம் எந்த மருத்துவமனையுடையது என்று ஒரு நெட்வொர்க் கண்டுகொண்டதை 2018-இல் நியூயார்க் ஆய்வாளர்கள் காட்டினார்கள். நிமோனியா தேடப் பழக்கும் நெட்வொர்க்கும் நோயை விட்டு அந்தத் தடயங்களைப் பிடித்துக்கொள்ளக்கூடும்.

அதனால்தான் இப்போது பல மருத்துவமனைப் படங்களைக் கலந்து பழக்குகிறார்கள். நெட்வொர்க் பார்த்தேயிராத மருத்துவமனையின் படங்களில் சோதிக்கிறார்கள். கணினி ‘90 சதவீதம் உறுதி’ என்று சொன்ன நூறு படங்களில் தொண்ணூறு சரியாக இருக்கிறதா என்றும் எண்ணிப் பார்க்கிறார்கள். இன்றைய நெட்வொர்க்குகள் பலவற்றுக்கு மிதமிஞ்சிய தன்னம்பிக்கை உண்டு. அதைத் தட்டிக் குறைத்து, சந்தேகம் வந்தால் மருத்துவரிடம் தள்ளிவிடவும் பழக்க வேண்டும்.

என் கவலை நம் ஊரைப் பற்றியது. பெயர்பெற்ற நிரல்களே கறுத்த தோல் படங்களில் தடுமாறியதை 2022-இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. நம் நிறத்தவருக்கு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் அரிது. வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகக்கண்ணில்தான் வரும். காட்டுவேலைக்கு வெறுங்காலோடு போகிறவர் முள் குத்திய கறுப்பு என்று அதை விட்டுவிடக்கூடும். அப்படிப்பட்ட பாதத்தைப் பார்த்தறியாத கருவியை விளம்பரத்தை நம்பி வாங்குவது அநியாயம். நம் சேலத்து மருத்துவமனைக்கு வாங்குவதானால், பயாப்ஸியில் முடிவு தெரிந்த சேலத்துக்காரர்களின் படங்களைத் தனியே எடுத்துவைத்து, பழக்குவதற்குக் கொடுக்காமல் சோதனைக்கு மட்டும் கொடுக்க வேண்டும். எத்தனை புற்றைத் தவறவிட்டது, எத்தனை பேரை வீணாகப் பயமுறுத்தியது என்ற இரண்டு எண்ணிக்கையையும் விலைப்பட்டியலோடு சேர்த்துக் கேட்க வேண்டும்.